ஆத்துக்கு அங்காலை

யாழ்ப்பாணத்திலை ஆறு இல்லை. மாரிக்கு மட்டும் ஓடுற வழுக்கையாற்றை ஆறெண்டு சொல்லி நாங்களே எங்களைச் சமாளிச்சுக்கொள்ளுறம். ஆனால் ஆத்துக்கு எந்தக் கரையிலை இருக்கிறவன் நல்லவன் எண்டு தீர்ப்புச் சொல்ல எங்கடை ஆக்களை விட்டால் ஆளில்லை. அதுவும் அயர்லாந்திலை ஓடுற ஆத்துக்கு.

எனக்கு முப்பத்திரண்டு வயசிலை லிமெரிக் நகரத்திலை இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிளையின்ரை தாய் தகப்பன் சாவகச்சேரி. அவர் படிக்கப் போய், மருத்துவக் கருவி செய்யிற தொழிற்சாலை ஒண்டிலை வேலை எடுத்து, அங்கையே தங்கிட்டார். நான் இணுவில். மருதனார்மடத்திலை ஒரு ரியூட்டரியிலை வரலாறு படிப்பிக்கிறன். சாதகம் பொருந்திச்சு. ஞாயிற்றுக்கிழமையிலை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனிலை கதைக்கலாம் எண்டு வீட்டிலை சொல்லிச்சினம். அப்ப அங்கை விடிஞ்சு கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

முதலே சொல்லிப்போடுறன், எனக்கு அந்த மனுசனைப் பிடிச்சிருந்தது. அந்தக் கலியாணம் சரிவர வேணும் எண்டு நான் மனசார ஆசைப்பட்டனான்.

அவர் வீட்டுக்குள்ளை இருந்து கதைக்கிறேல்லை. போனைத் தூக்கிப் பிடிச்சபடி ஷனன் ஆத்தங்கரையாலை நடப்பார். எப்ப பாத்தாலும் மழை தூறும். "இஞ்சை பாருங்கோ, ஆறு இப்ப பின்னாலை ஓடுது" எண்டு காட்டுவார். கடல் பெருகேக்கை தண்ணி திரும்பி ஊருக்குள்ளை ஏறும். அன்னங்கள் காலை ஆட்டாமல் அதோடை வரும். எனக்கு அதைப் பாக்கப் பாக்க அலுக்காது.

அந்த ஆறு பிரிஞ்சு நடுவிலை ஒரு தீவு இருக்கு. அந்தத் தீவிலைதான் அவரின்ரை வாடகை வீடு. வடக்குக் கடலாலை வள்ளத்திலை கொள்ளையடிக்க வந்தவை முதலிலை குந்தினதும் அங்கைதான். பிறகு வந்த நோர்மன்காரர் ஆத்தைப் பாத்தபடி ஒரு கோட்டை கட்டினவை. அது இண்டைக்கும் நிக்குது. கோட்டையைச் சுத்தி மதில் போட்டு ஆங்கிலேயர் உள்ளுக்கை இருந்தினம். பிரிஞ்சு ஓடுற சின்னக் கிளை ஆத்துக்கு மற்றப் பக்கம் ஐரிஷ் சனம். பேரே அப்பிடித்தான், ஆங்கிலேயர் பட்டணம், ஐரிஷ் பட்டணம். நடுவிலை ஒரு பாலம்.

"அவங்கடை மண்ணிலையே அவங்களை ஆத்துக்கு அங்காலை தள்ளி வைச்ச கெப்பரை, திமிரைப் பாத்தியளே" எண்டு சொல்லேக்கை அவரின்ரை குரல் ஏறும். இப்ப அந்தத் தீவிலை நிறைய அரசாங்க வீடுகள். வசதி குறைஞ்ச சனம். "நல்ல சனம். பக்கத்து வீட்டுக் கிழவி எனக்குக் காய்ச்சல் வரேக்கை சூப் வைச்சுத் தந்தவ" எண்டார். கோட்டைக்கு எதிர்க்கரையிலை ஒரு கல்லும் இருக்கு. ஒருக்கால் இங்கிலாந்து ராசாவின்ரை படை நகரத்தை முற்றுகையிட்டு, அது முடிய அந்தக் கல்லிலை வைச்சுத்தான் ஒப்பந்தம் எழுதினவை எண்டு கதை. கத்தோலிக்கரான ஐரிஷ் சனத்துக்குக் குடுத்த வாக்கைப் பிறகு காத்திலை விட்டிட்டினம். அதைச் சொல்லேக்கையும் அவருக்குக் கோபம் வந்தது. என்ரை மாணவருக்கு ஆண்டு திகதியெல்லாம் மனப்பாடம், ஆனால் ஒருத்தருக்கும் கோபம் வாறேல்லை. கோபப்படத் தெரிஞ்ச மாப்பிளை கிடைச்சிட்டார் எண்டு நான் பூரிச்சுப்போய்த் திரிஞ்சன்.

இனி என்ரை பெரியப்பாவுக்கு வருவம். அப்பாவுக்கு மூத்தவர், ஓய்வுபெற்ற அதிபர். மேடை கிடைச்சால் சமத்துவம் பேசுவார். ஊருக்குத்தான் உபதேசம். வீட்டிலை சம்பந்தம் எண்டு வந்தால் வெத்திலையை மடிச்சுக்கொண்டு முதல் கேக்கிற கேள்வி, "எந்தக் குறிச்சி?" சாதி எண்ட சொல்லை எங்கடை ஆக்கள் வாயிலை எடுக்காயினம், அவ்வளவு நாகரிகம். குறிச்சி எண்டு கேட்டால் எல்லாம் அடங்கும். எந்தக் கோயில், எந்த ஒழுங்கை, ரயில் தண்டவாளத்துக்கு இங்காலையோ அங்காலையோ. எங்கடை வீடு இங்காலை. பெரியப்பாவின்ரை கணக்கிலை அது நல்ல பக்கம்.

சாவகச்சேரிக் குறிச்சி அவருக்குத் திருப்தி. மற்றவையெண்டால் அதோடை விட்டிருப்பினம். பெரியப்பா லிமெரிக்கிலை இருக்கிற, தெரிஞ்ச ஆளொருத்தரின்ரை மகனுக்குப் போன் எடுத்து, மாப்பிளை நகரத்திலை எந்தப் பக்கம் எண்டு விசாரிச்சிருக்கிறார். அடுத்த நாளே வந்து கதிரையிலை சரிஞ்சு இருந்து, அம்மா சுட்ட வடையை ஒண்டொண்டா உள்ளுக்கை தள்ளிப்போட்டு வாயைத் திறந்தார்.

"பெடியன் தீவிலை இருக்கிறான் பிள்ளை. அது சரிப்படாத குறிச்சியாம்."

"பெரியப்பா, அங்கை இருக்கிறது வெள்ளைக்காரர்."

"வெள்ளைக்காரரிலையும் இருக்குத்தானே" எண்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கப்பலேறிக் கண்ணாலும் காணாத ஊர். அந்த ஊர்ச் சனத்துக்கும் இணுவிலிலை இருந்து ஒரு ஒழுங்கை பிரிச்சுக் குடுத்திட்டார் மனுசன். அப்பா வழமைபோலை பேப்பரை எடுத்து விரிச்சுக்கொண்டார். அம்மா, "பெரியப்பா விசாரிக்காமல் ஒண்டும் சொல்லமாட்டார்" எண்டு வடைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளுக்கை போயிட்டா. கடைசியிலை பெரியப்பா பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொன்னார். மாப்பிளை ஆத்துக்கு அங்காலை வீடு பாத்துப் போகட்டும், நாங்கள் நாள் வைப்பம்.

நான் ஞாயிற்றுக்கிழமை எப்ப வரும் எண்டு இருந்தன். இந்த விசர்க் கதையை அவருக்குச் சொல்ல வேணும், ரண்டு பேருமாச் சேந்து வயிறு நோகச் சிரிக்க வேணும், பிறகு ரண்டு பேருமா ஒண்டாய் நிண்டு மாட்டம் எண்டு சொல்ல வேணும். அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன்.

சொன்னன். அவர் சிரிக்கேல்லை. கோட்டை பின்னாலை தெரிய, நடந்துகொண்டே கேட்டார். பிறகு நிண்டார்.

"அங்காலை ஒரு வீடு பாத்துத்தான் வைச்சிருக்கிறன். அம்மாவும் உதைத்தான் சொல்லுறா. நாளைக்குச் சொந்தக்காரர் வந்தால் இந்த இடத்தைக் காட்டேலாதுதானே."

"அப்ப சூப் தந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என்ன சொல்லப்போறியள்?"

"அவவுக்கு உதுகள் என்ன விளங்கப்போகுது" எண்டார். ஆறு கடக்கும் மட்டும் அண்ணன் தம்பி, கடந்தால் நீ ஆரோ நான் ஆரோ எண்டு சும்மாவே சொல்லி வைச்சவை? ஆனால் அவர் இன்னும் முடிக்கேல்லை.

"இன்னொண்டு. கோவிக்காதேங்கோ. அம்மா மருதனார்மடச் சந்தையிலை உங்கடை பக்கத்தை விசாரிச்சவ. ஒருத்தரும் தெளிவாச் சொல்லேல்லையாம். உங்கடை வீடு தண்டவாளத்துக்கு இங்காலையோ, அங்காலையோ?"

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ஆவணியிலையே எனக்குத் தாலி ஏறியிருக்கும். நான் போனிலை அவரின்ரை முகத்தைப் பாத்தன். அதே தொப்பி, அதே மழை. ஆங்கிலேயரின்ரை மதிலுக்குக் குரல் ஏத்தின அதே வாய்.

"அங்காலை" எண்டன்.

அவர் ஆத்தைப் பாத்தார். "சரி, அம்மாவோடை கதைச்சிட்டு எடுக்கிறன்" எண்டார். பிறகு எடுக்கேல்லை.

பெரியப்பாவின்ரை கெப்பர் எனக்குச் சின்னனிலை இருந்து பழகினது. அது நாய்வால், நிமிராது. இந்த மாப்பிளையிலைதான் எனக்கு அருவருப்பு. மேடையிலை என்ன பேசினாலும், எங்களிட்டைப் பெரியப்பா ஒருநாளும் வேறை ஆள் மாதிரி நடிச்சதில்லை. நான் அண்டைக்கு அழுதனான், ஒளிக்க என்ன இருக்கு. அழுது முடிய முகத்தைக் கழுவிப்போட்டு ரியூட்டரிக்குப் போனன்.

போன கிழமை பெரியப்பா வந்தவர். அந்தப் பொய்யை நான் இன்னும் வீட்டிலை ஆருக்கும் சொல்லேல்லை. மாப்பிளை பகுதி ஏன் விலகினது எண்டு அவருக்கு இண்டைக்கும் தெரியாது. போனை நீட்டி ஒரு படம் காட்டினார். அந்த லிமெரிக் மாப்பிளை கலியாணம் முடிச்சு, எதிர்க்கரையிலை வீடும் வாங்கிட்டாராம். யன்னலுக்கு வெளியாலை ஆறு, ஆத்துக்கு அங்காலை கோட்டை.

"பாத்தியே, நல்ல இடத்துக்குப் போயிட்டான். அருமையான சம்பந்தம், தவறிப்போச்சு" எண்டு பெருமூச்சு விட்டார். "இந்தக் கரையிலை இருந்து பாத்தால்தான் கோட்டை வடிவாம்."

நான் படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன். கோட்டை வடிவாத்தான் இருந்தது. அதுக்குப் பின்னாலை இருக்கிற வீடுகளைத் தேடினன். ஒண்டும் தெரியேல்லை.