தெரியாது, க/பெ. தெரியாது

மருந்துக்கு அரசு சான்றிதழ் உண்டு, டாக்டருக்கு உண்டு, பட்டாசுக்குக்கூட உண்டு. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் ஓடுகிற மென்பொருளுக்கும் உண்டு என்பதும், அதை வாங்குவதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருப்பார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது. இரண்டாயிரங்களின் பின்பாதியில் சில வருஷம் அந்த ஆளாக நான் இருந்தேன். மதுரையில் ஒரு சின்ன கம்பெனி, நோயாளிகளின் விவரங்களைச் சீட்டில் எழுதாமல் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ள ஒரு மென்பொருள் செய்திருந்தது. அரசு ஆய்வாளர் வந்து பார்த்து, சரியென்று சான்று கொடுத்தால்தான் பெரிய ஆஸ்பத்திரிகளில் அதை விற்க முடியும். அவர் பார்ப்பதற்கு அது எங்காவது ஓட வேண்டுமே? சிவகாசிக்கு வெளியே ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி இடம் கொடுத்தது. விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகத் தினமும் பஸ்ஸில் போய்வருவேன். 'சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் நில்லுங்க' என்று கேட்டு ஆஸ்பத்திரிக் கவுண்டரில் கால் கடுக்க நின்றவர்களே, கண்ணாடிக்கு உள்பக்கம் நாங்களும் நின்றுகொண்டுதான் இருந்தோம்.

பெண் பார்க்கப் போன இடத்தில்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாத்தூர்ப் பக்கம் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் மேனேஜர். கேசரி, காரச்சேவு எல்லாம் முடிந்து, "மாப்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரி சாஃப்ட்வேருக்கு கவர்மென்ட் சர்டிபிகேட் விஷயமா..." என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சர்டிபிகேட் குடுக்கிற ஆபீசரா?" என்றார். குரலில் ஒரு மரியாதை வந்துவிட்டது. எங்கள் மாமா அத்தோடு விடச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். நான்தான் விளக்கமாக, "இல்லீங்க, நாங்க வாங்குறவங்க" என்றேன்.

வாங்கியாகிவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை, ஆய்வுக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்றேன். மிகவும் பொறுமையாக, என் மனசு நோகக் கூடாது என்ற கவனத்தோடு சொன்னார்: "அப்ப இன்னும் பாஸாகலன்னு சொல்லுங்க. பாஸாகிட்டு வாங்க, பேசுவோம்."

எல்லோருக்கும் ஒரே பிறந்தநாள்

ஆய்வாளர் வரதன் சென்னையிலிருந்து வந்தார். ஒல்லியான மனிதர், டீ கொடுத்தால்கூட அதைப் பற்றி யாராவது தப்பாக நினைப்பார்களோ என்று பயந்து குடிப்பவர். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து நோயாளிகளின் விவரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இந்த ஊர்ல ஏன் எல்லாரும் ஜனவரி ஒண்ணாம் தேதியே பிறந்திருக்காங்க?" என்று கேட்டார்.

பிறந்த தேதி இல்லாமல் எங்கள் மென்பொருள் அடுத்த பக்கத்துக்குப் போகாது. வருகிறவர்களோ, 'தீவாளி சீசன் முடிஞ்சு லீவு விட்டப்ப' என்றும் 'பெரிய மழைக்கு முந்தின வருசம்' என்றும் சொல்கிறவர்கள். அதனால் வருஷத்தை உத்தேசமாகப் போட்டு, ஜனவரி ஒன்று என்று அடித்துவிடுவது வழக்கமாகியிருந்தது. இதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், பதிவுக் கவுண்டரில் இருந்த சகாயமேரி சிஸ்டர் ஊசிப் பெட்டியை மூடியபடி பதில் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் இருப்பவர், எந்த ஆபீசருக்கும் குரல் மாறாது. "ஆமா சார், இங்கன எல்லாருக்கும் சேத்து ஒரே கேக்குதான்."

மின்சாரம் நின்றால்

அதே வருகையில் இன்னொரு சோதனை. திடீரென்று மின்சாரம் போனாலும் அடித்துக்கொண்டிருக்கிற விவரம் அழியக் கூடாது என்பது விதி. வரதன் ஒரு நோயாளியின் விவரத்தைப் பாதி அடித்து நிறுத்திவிட்டு, மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். எலக்ட்ரீஷியன் முனியசாமி அசையவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு வரதனைப் பார்த்தார். விதிப்படி சோதனை முன்னறிவிப்பு இல்லாமல் நடக்க வேண்டும் என்று வரதன் அவருக்கு விளக்கினார். முனியசாமி ஒரு ஸ்டூலை இழுத்து ஆய்வாளருக்குப் பக்கத்தில் போட்டார். "நீங்க எதுக்கு சார் சிரமப்படுறீக, செத்த உக்காருங்க, ஈ.பி.காரகளே இப்ப நிறுத்திருவாக."

எந்தத் தெரியாது?

முதல் ஆய்வில் நாங்கள் தேறவில்லை. பெயரே இல்லாமல் ஒரு பதிவைச் சேமிக்க முடிகிறது என்பதுதான் பெரிய குறை. கம்பெனி அதைத் திருத்தியது. பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, ஊர் இவற்றில் எது விட்டுப்போனாலும் இனி நோயாளிக்கு எண் கிடைக்காது. எண் இல்லாவிட்டால் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வராது. ஒரே ஆளுக்கு இரண்டு எண் போய்விடக் கூடாது என்று இன்னொரு ஏற்பாடும் இருந்தது. எல்லா விவரமும் ஒத்துப்போனால், பழைய ஆள்தான் என்று முடிவுசெய்து கம்ப்யூட்டர் பழைய எண்ணையே எடுத்துக் கொடுக்கும்.

ஆடி மாதம். தீபாவளி ஆர்டருக்காக எல்லாக் கம்பெனியும் வேகமாக ஓடுகிற நேரம். ஒருநாள் முற்பகலில் ஒரு லோடு வேன் வாசலில் வந்து நின்றது. பட்டாசுக்கு மருந்து அடைக்கிற அறையில் தீப்பிடித்து, சுவரும் இடிந்து, இரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். இருவருக்கும் முப்பது வயதிருக்கும். இருவருக்கும் நினைவில்லை. அந்த வழியாகப் போன வேனைக் கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டிருக்கிறார்கள். டிரைவருக்கு யார் பெயரும் தெரியவில்லை. சகாயமேரி சிஸ்டர் கவுண்டருக்கு ஓடிவந்தார். பெயர் என்ற இடத்தில் 'தெரியாது' என்று அடித்தார். கணவர் பெயர், தெரியாது. ஊர், தெரியாது. வயது முப்பது. எண் வந்தது. அடுத்த பெண்ணுக்கும் அதையே அடித்தார். அதே எண் வந்தது. அந்த நேரத்தில் எண்ணை யார் பார்க்கிறார்கள்? நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கண் ஸ்ட்ரெச்சரைவிட்டு நகரவில்லை. அந்தப் பெண்ணின் விரல்களில் வெள்ளியாக மருந்துப் பொடி மினுங்கிக்கொண்டிருந்தது.

ஒருத்திக்குக் கால்மேல் சுவர் விழுந்து ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டு, திரையில் இருந்த ரத்தப் பிரிவைப் பார்த்து ரத்தம் அனுப்பச் சொன்னார்கள். அது மற்றவளுடைய ரத்தப் பிரிவு. பின்னால் வந்த பரிசோதனை முடிவு, முன்னால் வந்ததை அழித்துவிட்டு அதே எண்ணில் போய் உட்கார்ந்திருந்தது. ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் நோயாளியின் ரத்தத்தோடு சேருமா என்று ஒருமுறை கலந்து பார்ப்பார்கள். அந்த வழக்கம் இருந்ததால் தப்பித்தோம். ரத்த வங்கியில் இருந்த பாண்டி என்பவர், இரண்டு பெண்களிடமும் எடுத்த ரத்தக் குப்பிகளைக் கைக்கு ஒன்றாகப் பிடித்தபடி வேகமாக நடந்து வந்தார். இரண்டிலும் ஒரே எண் ஒட்டியிருந்தது. கேட்ட ரத்தம் ஒன்றோடு சேர்கிறது, ஒன்றோடு சேரவில்லை. அவர் சத்தம் போடவில்லை. தியேட்டர் கதவைப் பாதி திறந்து தணிவாகக் கேட்டார்: "சிஸ்டர், எந்தத் தெரியாதுக்கு ரத்தம் கேக்கீக?"

இரண்டு சி.டி.

சிஸ்டர் மறுபடி ரத்தம் எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேர் மணிக்கட்டிலும் பிளாஸ்டரை ஒட்டி, ஒன்றில் 'கால்' என்றும் மற்றதில் 'கை' என்றும் பேனாவால் எழுதினார். என்னிடம் வந்து, கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னார். அணைத்தேன். கால் அடிபட்டவள் சாயங்காலம் கண் திறந்து தன் பெயர் முத்துமாரி என்று சொன்னாள். கையிலும் கழுத்திலும் தீப்பட்டவளை மதுரைக்கு அனுப்பினார்கள். அவளும் பிழைத்தாள், கை மட்டும் முன்போல மடங்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

மறுநாளே மதுரைக்குப் போய் முதலாளி ராமசுப்பு சாரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், முகம் வெளுத்துவிட்டது. 'அவசரப் பதிவு' என்று தனியாக ஒரு பொத்தான் வைத்தார்கள். அதை அழுத்தினால் பெயர், ஊர் எதுவும் கேட்காமல் ஒவ்வொருவருக்கும் புது எண் வரும். விவரங்களைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் அது ஆய்வாளரின் விதிக்கு நேர் எதிர். இரண்டாவது ஆய்வுக்கு முதல்நாள் முதலாளி என்னிடம் இரண்டு சி.டி. கொடுத்தார். ஒன்று பொத்தானோடு, ஒன்று இல்லாமல். "ஆய்வுக்கு இதப் போடு. அவரு பஸ் ஏறுனதும் அதப் போடு. யாருக்கும் நட்டமில்ல" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வரதன் வந்து உட்கார்ந்த பிறகுதான், அவர் பார்க்கிற திரை வேறு, நாளைக்கு இன்னொரு முத்துமாரி வந்தால் சிஸ்டர் பார்க்கிற திரை வேறு என்பது உறுத்தியது. அப்புறம் எதற்குத்தான் இந்தச் சான்றிதழ்? பொத்தான் இருந்த சி.டி.யைப் போட்டேன். எதற்காக அது வந்தது என்று நடந்ததை எல்லாம் சொன்னேன்.

வரதன் கடைசிவரை கேட்டார். எழுந்து பாண்டியைப் பார்க்கப் போனார். சிஸ்டரிடம் பேசினார். வார்டில் முத்துமாரியின் கட்டில்வரை போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, பெயரில்லாமல் பதிவாகிறது என்ற இடத்தில் 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு வேறு ஒரு தாள் கேட்டார். அதில் நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் நெடுநேரம் எழுதினார். கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "நீங்க ஃபெயில்தான் தம்பி. ஆனா ஃபெயிலானது நீங்க மட்டும் இல்லன்னு மேல எழுதியிருக்கேன்."

முதலாளி சொன்னது

போனில் விஷயத்தைச் சொன்னபோது ராமசுப்பு சார் பக்கம் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். கடைசியில் ஒரு பெருமூச்சு வந்தது. "இன்டர்வியூல ஒண்ணுமே பேசாம உக்காந்திருந்தியேப்பா, அத நம்பித்தான உன்னைய எடுத்தேன்."

கணவர் பெயர்

முத்துமாரி வீட்டுக்குப் போய், கால் எலும்பு கூடிய பிறகு, காட்டிவிட்டுப் போக வந்தாள். கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தாள். கூடவே அவள் கணவர் கருப்பசாமி, லாரியில் பட்டாசுப் பெட்டி ஏற்றுகிற ஆள், நல்ல உயரம். அவள் நீட்டிய அட்டையை வாங்கிப் பார்த்தேன். 'தெரியாது, க/பெ. தெரியாது' என்றே இருந்தது. பெயரை மாற்றித் தருகிறேன் என்று சொல்லிக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். அவள் வேண்டாம் என்றாள். "அந்தப் பேருலதான் பொழச்சு வந்தேன். அது பாட்டுக்கு இருக்கட்டும் சார்." சிஸ்டர் சிரித்துவிட்டார். முத்துமாரியும் சிரித்தாள். சேர்ந்து சிரிக்காத ஒரே ஆள் கருப்பசாமிதான். அவள் மருந்து வாங்கப் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, கவுண்டர் கண்ணாடியில் குனிந்து என்னிடம் மட்டும் சொன்னார்: "அவ பேரு எப்படியும் இருந்துட்டுப் போகட்டும், எம்பேர மட்டுமாச்சும் மாத்திவிடுங்க, லோடு ஏத்துற பயலுக ரொம்பப் பேசுறானுக."

சான்றிதழ்

வரதன் எழுதிய தாள் சென்னையில் எத்தனை மேஜை தாண்டியது என்று எனக்குத் தெரியாது. அடுத்த மழைக்காலத்தில் விதி மாறியது. அவசர நோயாளியைப் பெயரில்லாமல் பதியலாம், ஆனால் தனி எண் கட்டாயம் என்று வந்தது. மூன்றாவது ஆய்வில் தேறினோம். முத்திரையோடு சான்றிதழ் வந்தது. முதலாளியே மதுரையிலிருந்து கொண்டுவந்து, சிவகாசியில் கண்ணாடிச் சட்டம் போட்டு, எல்லோருக்கும் பால்கோவா கொடுத்துக் கவுண்டருக்கு மேலே மாட்டினார். சகாயமேரி சிஸ்டர் கழுத்தை நிமிர்த்தி அதை முழுக்கப் படித்தார். மென்பொருளுக்கும் பதிப்பு எண் உண்டு. சட்டத்துக்குள் இருந்தது ஒரு எண், கீழே திரையில் ஓடிக்கொண்டிருந்தது அதற்கு அடுத்த எண். சான்று வந்துசேர்வதற்குள் நாங்கள் இரண்டு குறைகளைச் சரிசெய்து புதிதாகப் போட்டுவிட்டிருந்தோம். சிஸ்டர் மேலே ஒருதரம், கீழே ஒருதரம் பார்த்தார். "அப்ப இப்ப ஓடுறதுக்கு அந்த ஒல்லி சார் மறுபடி வரணுமா?"

ஆக, நான் அந்த வேலையில் இருந்தவரை, சான்று வாங்கிய மென்பொருள் சுவரில் தொங்கியது, சான்று வாங்காத மென்பொருள்தான் வைத்தியம் பார்த்தது.