ஆபத்துக்கு ஒரு கடிகாரம்

தஞ்சாவூர்க் கடையில் என் வாட்சுக்கு பேட்டரி மாற்றப் போனபோது, பாபநாசம் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் விலை உயர்ந்த கைக்கடிகாரங்களை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய செல்போனோடு ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளே இன்னும் உரிக்கப்படவில்லை.

“ஆபத்துன்னா இந்தத் திருகை இழுங்க சார். சாட்டிலைட்டுக்கே சிக்னல் போயிடும்,” என்றார் கடைக்காரர்.

“வயக்காட்டுல தனியா சுத்துறவன் நான். இதையே குடுங்க.”

அறுவடை முடிந்து ஒரு கல்யாணப் பந்தியில் அவரைப் பார்த்தேன். இடது கையில் மாவுக்கட்டு. வரப்பில் வழுக்கி வாய்க்காலில் விழுந்து, ஆள் வரும்வரை கத்திக்கொண்டே கிடந்தாராம்.

“கடிகாரத்துல சிக்னல் குடுத்திருக்கலாமேங்க?” என்றேன்.

“அது பேங்க் லாக்கர்லல்ல இருக்கு!” அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. “நல்லவேளை. அன்னைக்குக் கையில கட்டியிருந்தேன்னா, கண்ணாடியில கீறல் விழுந்திருக்கும்.”