அமாவாசை நாட்களில் அறுந்த இழைகள்

1971 ஆகஸ்டு 20, வெள்ளிக்கிழமை, அமாவாசை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். கிணற்றடியில் குளித்துவிட்டு ஏழு மணிக்குத் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்து ஏழரைக்கு எழுந்தேன். எட்டு மணிக்குக் காபி. எட்டே காலுக்கு முன்னறை மேசையில் கையால் சுற்றும் கணக்குப் பொறியை எடுத்துவைத்து, அதன் கைப்பிடிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். ‘தெருவில் தறிச் சத்தம் இல்லை. வேலை நன்றாக ஓடும்’ என்று அன்றைய டைரியில் ஒரு வரி இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வரியைப் படித்தாலும் வாயில் கசப்பு ஊறுகிறது.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி நெசவாளர் சந்து. மற்ற நாட்களில் விடிந்ததிலிருந்து தறிச் சத்தம் ஓயாது. அமாவாசையன்று மட்டும் யாரும் தறியில் இறங்குவதில்லை. அந்த அமைதி எனக்கு வசதி. சென்னையில் நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்துக்குத் ‘தர்ப்பணம்’ என்று காரணம் எழுதி மாதம் ஒரு நாள் விடுப்புப் போடுவேன். அரைமணி நேரத்தில் பித்ருக்களை அனுப்பிவைத்துவிட்டு, மீதி நாள் முழுவதும் கணக்குப் போடுவேன்.

நான் தொடங்கியது கோட்பாட்டு இயற்பியலில். வாயு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதும், கதிரியக்கப் பொருளில் அணு ஒன்று எப்போது சிதையும் என்பதும் என் முதல் பத்து ஆண்டுகள். எந்த அணு சிதையும் என்று சொல்ல முடியாது. ஒரு நிமிடத்தில் எத்தனை சிதையும் என்பதற்கு மட்டும் ஒரு சூத்திரம் உண்டு. அந்தச் சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு புள்ளியியலுக்கு வந்தேன். ஏரிகளின் நீர்மட்டம், நெல்மணியின் எடை, கொசுவின் ஆயுள், திருமுக்கூடல் கல்வெட்டுகளில் வரும் அளவைகள் என்று எதையும் விடவில்லை. எந்தத் துறையிலும் இரண்டு ஆண்டுக்கு மேல் நின்றதுமில்லை. எல்லோரும் இதைப் பரந்த ஆராய்ச்சி என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஒரு வீட்டிலும் உட்கார்ந்து பேசாமல், தெருவில் எல்லா வீட்டு வாசலையும் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறவனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.

கடைசியாகப் பட்டு. எங்கள் பகுதியில் இருந்த ஒரு நெசவாளர் சங்கம், தான் கொடுக்கும் பட்டு நூல் அடிக்கடி அறுகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டது. நாற்பத்தொரு தறிகளைத் தேர்ந்தெடுத்தேன். தறிக்கு ஓர் ஏடு. நாளுக்கு ஒரு கட்டம். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவில் ஓர் இழை அறுந்தால் கட்டத்தில் ஒரு கோடு. கார்த்திகையிலிருந்து வைகாசி வரை ஏழு மாதம். வாரம் ஒருமுறை சங்கத்து எழுத்தர் ஏடுகளைச் சரிபார்க்க வேண்டும். தொடங்கும் முன் நானே ஒரு விதி வைத்தேன்: காலிக் கட்டங்கள் உள்ள ஏடு கணக்கில் சேராது.

நாற்பது ஏடுகள் முழுமையாக வந்தன. ஒன்றில் மட்டும் ஓட்டை ஓட்டையாகக் காலி. அதை ஒதுக்கினேன். மற்ற நாற்பதும் சூத்திரத்தோடு அப்படியே பொருந்தின. அணு சிதைவதும் பட்டிழை அறுவதும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்று கட்டுரை எழுதினேன். வெளிநாட்டு இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. அச்சுப்படி என் மேசையில் இருந்தது. டிசம்பரில் டெல்லியில் நான் பேசவேண்டிய பேச்சுக்குத் தலைப்பும் வைத்தாகிவிட்டது: ‘அணு முதல் பட்டு வரை’. சங்கத்துக்கு ஆடி மாதமே ஓர் அறிக்கை கொடுத்திருந்தேன். அதன் கடைசிப் பத்தியில், ஒதுக்கப்பட்ட ஏட்டைப் பற்றி ‘பொறுப்பற்ற பதிவு’ என்று இரண்டு சொற்கள் எழுதியிருந்தேன். அந்த இரண்டு சொற்களுக்கு நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அன்று காலை ஒன்பது இருபதுக்கு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பின்சந்தில் இருக்கும் நெசவாளி ஒருவரின் மனைவி. தறியில்லாத நாள் என்பதால் வந்திருந்தாள். கையில் சங்கத்தின் முத்திரையிட்ட ஒரு தாள்.

“சாமி, இத்த கொஞ்சம் படிச்சி சொல்லுங்க. இதுல உங்க பேரு இருக்குதுன்னு சொல்றாங்க” என்றாள்.

படித்தேன். பதிவேட்டைப் பொறுப்பின்றி வைத்திருந்ததாக ஆய்வறிக்கை கூறுவதால் அவள் கணவரின் பெயர் சங்கப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. அடுத்த மாதத்திலிருந்து பட்டு நூல் கிடையாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடும் குழு இதை உறுதிசெய்யும். அறிக்கை எழுதியவர் என்று என் பெயர்.

சங்கம் நூல் கொடுக்காவிட்டால் அந்தத் தறி நின்றுவிடும். அதை அவள் எனக்கு விளக்கவில்லை. எனக்கும் தெரியும். நான் விதியைச் சொன்னேன். நாள் தவறாமல் எழுதியிருக்க வேண்டும், உங்கள் வீட்டுக்காரர் பல நாட்களை விட்டுவிட்டார், நான் என்ன செய்ய முடியும் என்றேன். குரலில் வருத்தம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: “தறி ஓடுன நாளு ஒண்ணுகூட வுடல சாமி. தறியில குந்திக்கினு, ஒரு இழ அறுந்தா ஒரு கோடுன்னு போட்டாரு. ஓடாத நாளுக்கு எப்டி சாமி கோடு போடறது?”

“எந்த நாள் ஓடவில்லை?”

“இன்னிக்கி ஓடுதா?” என்றாள்.

அவளை உட்காரச் சொல்லிவிட்டு, ஒதுக்கிவைத்த ஏட்டைப் பீரோவிலிருந்து எடுத்தேன். அதில் சாம்பல் படிந்த விரல் அடையாளங்கள் இருந்தன. அறுந்த பட்டிழையை முடிபோட அவர்கள் விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். போன ஆண்டுப் பஞ்சாங்கத்தையும் இந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலிக் கட்டமாகப் பார்த்தேன். ஏழு அமாவாசைகள் காலி. கார்த்திகையில் சேர்ந்தாற்போல் எட்டு நாள் காலி. அது மழையில், நெய்பவர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறி நின்ற நாட்கள் என்றாள். வைகாசி கருட சேவையன்று காலி. அன்று தெருக்கொள்ளாத கூட்டம். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன்.

பிறகு மற்ற நாற்பது ஏடுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். அமாவாசையன்று மூன்று கோடுகள். இன்னொன்றில் இரண்டு. கருட சேவையன்று நான்கு. குழியில் தண்ணீர் நின்ற நாட்களில் கோடுகள் வரிசையாக, அழகாக, ஒரே பென்சிலில். எந்த ஏட்டிலும் சாம்பல் இல்லை. பத்தாவது ஏட்டிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஆனாலும் நாற்பதையும் பார்த்து முடித்தேன்.

மாலை சங்கத்துக்கு வருகிறேன் என்று சொல்லி அவளை அனுப்பினேன். அவள் என் மேசையிலிருந்த பொறியைப் பார்த்து, “இது இன்னா சாமி, மாவு மிஷினா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான்கு மணிக்குச் சங்கத்தில் எழுத்தரைப் பார்த்தேன். என் வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். எனக்கு டீ வரவழைத்தார். ஏடுகளை மேசையில் வைத்து, இவற்றை எழுதியது யார் என்று கேட்டேன். மறைக்கும் எண்ணமே அவருக்கு இல்லை.

“கோச்சிக்காதீங்க சார். இழ அறுந்தா நெசவாளி முடி போடுவானா, பென்சில தேடுவானா? எல்லாரும் காலி ஏட்டக் கொண்டாந்து குடுத்தாங்க. காலி இருந்தா தூக்கிப் போட்டுடுவேன்னு நீங்க சொல்லிட்டீங்க. அதான் சனிக்கிழம சனிக்கிழம குந்திக்கினு நானே ரொப்பிட்டேன்.”

“எதைப் பார்த்து நிரப்பினீர்கள்?”

“நீங்க குடுத்ததுதான் சார். மாதிரிக்குன்னு.”

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். என் கையெழுத்து. ஏட்டை எப்படி நிரப்புவது என்று காட்டுவதற்காக, முதல் வாரத்தில் நான் போட்டுக்கொடுத்த மாதிரி அட்டவணை. அன்று கற்பனையாக எண்கள் வேண்டியிருந்தன. என் பழைய குறிப்பேட்டிலிருந்த அணுச்சிதைவு எண்களைப் பார்த்து எழுதியிருந்தேன். அதையே அவர் ஏழு மாதமும் இடம் மாற்றி மாற்றி நாற்பது ஏடுகளில் எழுதியிருக்கிறார். பட்டுக்கும் அணுவுக்கும் ஒரே விதி என்று நான் கண்டுபிடித்ததன் லட்சணம் இதுதான். என் எச்சிலை நானே தொட்டு நக்கிவிட்டு, தேன் என்று கட்டுரை எழுதியிருந்தேன்.

“அமாவாசைக்குமா?” என்று கேட்டேன்.

“அதுக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் போட்டேன் சார்” என்றார், நியாயமாக நடந்துகொண்டவரின் குரலில்.

அந்த ஒரு நெசவாளியின் ஏட்டை ஏன் நிரப்பவில்லை என்று கேட்டேன். அந்த ஆள் ஏட்டைக் கையிலிருந்து விடவில்லையாம். “நான் அறுத்தத நான்தான் எழுதுவேன்னுட்டாரு. ராங்கி புடிச்ச மனுஷன் சார்.” டீ ஆறி ஆடை படிந்திருந்தது. அதைக் குடிக்க முடியவில்லை.

அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருந்தால் அன்றைய மாலை சுலபமாக இருந்திருக்கும். வரவில்லை. காலி கூடாது என்று விதி வைத்தவன் நான். எண்கள் இவ்வளவு வழவழப்பாகப் பொருந்தியபோது சந்தேகப்படவேண்டியவனும் நான். மகிழ்ச்சியில் அன்று இரண்டாவது காபி கேட்டிருக்கிறேன், டைரியில் இருக்கிறது.

ஐந்தரை மணிக்கு வீடு திரும்பிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதைச் சொல்லியாக வேண்டும். ‘மறுபரிசீலனையில் அந்த நெசவாளரின் பதிவு ஏற்கத்தக்கது எனக் காண்கிறேன். அறிக்கையின் கடைசிப் பத்தியை நீக்கிவிடலாம்.’ அவ்வளவுதான். அவருக்கு நூல் கிடைத்துவிடும். நாற்பது ஏடுகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. கட்டுரை நிற்கும், டெல்லி நிற்கும். பதினைந்து நிமிடத்தில், ஓர் அடித்தல்கூட இல்லாமல் எழுதிவிட்டேன். அவ்வளவு சுலபமாக வந்ததுதான் அருவருப்பாக இருந்தது; எங்கே எதை விட்டால் பொய்யாகாது என்று கைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

என் மனைவி விளக்கேற்றிவிட்டு வந்து கடிதத்தைப் படித்தாள். நடந்ததைச் சொன்னேன். ஏடுகளைப் புரட்டிப் பார்த்தாள்.

“ஏன்னா, ஏழு அமாவாசையும் நீங்க ஆத்துலதானே இருந்தேள்?” என்றாள்.

டைரிகளை எடுத்தேன். கார்த்திகை அமாவாசை: ‘தறிச் சத்தம் இல்லை. ஏரி நீர்மட்டக் கணக்கு முடிந்தது.’ மார்கழி: ‘அமைதி. நல்ல வேலை.’ தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. ஏழு நாளும் என் கையெழுத்திலேயே தறி நின்றிருக்கிறது. அந்த ஏடுகள் பொய் என்பதற்கு எழுத்தரோ, அந்தப் பெண்ணோ தேவையில்லை. சாட்சி என் மேசையிலேயே, தேதிவாரியாக இருந்தது. ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறவன் என்ற பெருமை எனக்கு அன்றோடு போனது. எழுதுகிறவன் படிக்கிறவன் அல்ல.

முதல் கடிதத்தைக் கிழித்தேன். இரண்டாவது எழுத ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று, நிறைய அடித்தல். நாற்பது ஏடுகளும் தறியிலிருந்து வந்தவை அல்ல. அவற்றின் மேல் நான் எழுதிய அறிக்கை முழுவதையும் திரும்பப் பெறுகிறேன். நாற்பத்தொன்றில் நம்பத்தக்க ஏடு ஒன்றே. அதை நான் தள்ளினேன். பொறுப்பற்ற செயல் என்னுடையது. இதன் நகல் இதழாசிரியருக்கும் டெல்லிக்கும் போகும். எழுத்தரின் பெயரைக் குறிப்பிடவில்லை. உறையை ஒட்டி மேசையில் வைத்தேன்.

மேசையில் இருந்தால் காலை பத்து மணிக்குள் அதைத் திறந்து இரண்டு சொற்களை மாற்றிவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. நாற்பத்தெட்டு வயதில் என்னைப் பற்றி உறுதியாகத் தெரிந்த சில விஷயங்களில் அதுவும் ஒன்று.

மறுநாள் சனிக்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்கு, குளிக்காமல், காபி குடிக்காமல், முதல் வேலையாகப் பின்சந்துக்குப் போனேன். நெசவாளி தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்திருந்தார். அவருடைய ஏட்டையும் கடிதத்தையும் கொடுத்து, கடிதத்தைப் பத்து மணிக்கு அவரே குழுவின் முன் வைக்கவேண்டும், அதற்குள் நானே வந்து கேட்டாலும் தரக்கூடாது என்றேன். அவர் நன்றி சொல்லவில்லை. ஏட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கடிதத்தை மனைவியிடம் நீட்டி, “அரிசிப் பானையில போட்டு மூடு” என்றார்.