கூட்டம் பார்த்துப் போட்ட விளம்பரம்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் கடைக்கு இடம் பார்ப்பதில் தூத்துக்குடியில் என்னை மிஞ்ச ஆளில்லை; என் மூன்று கருவாட்டுக் கடைகளும் கூட்டம் பார்த்துப் போட்டவைதான். இணையத்தில் விளம்பரம் கொடுத்தபோதும், கருவாட்டு ஏலத்துக்குக் கூட்டம் கூடும் திரேஸ்புரத்துப் போன்களில் தெரியட்டும் என்றேன். விளம்பரத்தை யார் தொட்டாலும் நமக்குத்தான் செலவு என்று மகள் எச்சரித்தாள். தொட்டவர்கள் ஏராளம், வாங்கியவர் ஒருவரும் இல்லை. ஒரு கடையின் வாடகைப் பணமே கரைந்தது.

அந்த ஏலத்தில் ஒரு வியாபாரி சிரித்தார். "அண்ணாச்சி, தெனமும் ஒங்க வெளம்பரத்தத் தொட்டு வெலையப் பாத்துட்டுத்தான் நாங்க யாவாரத்தத் தொடங்குதோம்."

"கோயம்புத்தூர்ல காட்டுவோம்ப்பா. அங்கன கடலா இருக்கு?" என்றாள் மகள்.

சரி என்றேன். என் முகத்தைப் பார்க்காமல், கருவாட்டை மோந்து பார்க்காமல் அங்கே யார் வாங்குவார்கள் என்ற பயம் மட்டும் போகவில்லை.