சாவி இருக்கிற பாக்கெட்

தையல்காரிக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று ஆண், ஒன்று பெண். மூன்று வயதில் பெண் போட்ட கூச்சலில் தெருவே காதைப் பொத்தியது. அப்போது வைத்த பேர்தான் வாயாடி. கொஞ்சம் முந்திப் பிறந்தவனுக்குப் பேர் மொட்டை. எட்டு வயதில் அவளுக்குப் பேர் மட்டும் மிச்சம், வாய் போய்விட்டது. எதற்கெடுத்தாலும் அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

"பொம்பளப் புள்ள வளர வளர அடங்கிரும். பிறவிக் குணம்டி," என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"கத்துன வாயி எங்கக்கா போச்சு? பல்லோட சேர்ந்து விழுந்துருச்சா?"

தையல்காரி சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் வாயில்லாப்பூச்சியை ஊர் என்ன பாடுபடுத்தும் என்று அவளுக்குத் தெரியும், பட்டவள்தானே.

ஒருநாள் தையல் கடையிலிருந்து அவள் வந்தபோது அடைமழை. பூட்டிய கதவோடு ஒட்டிக்கொண்டு வாயாடி நனைந்த கோழி மாதிரி நின்றாள். மொட்டை பந்து விளையாடப் போயிருந்தான், சாவியோடு.

"போய் வாங்கிட்டு வர்றதுக்கென்ன?"

"வந்துருவேன்னு அண்ணன் சொன்னான்மா."

"சாவிய நீ வச்சுக்க வேண்டியதுதானே?"

"எதுலம்மா வச்சுக்க?"

தையல்காரி மகளின் பாவாடையைப் பார்த்தாள். அவள் கையால் தைத்ததுதான். ஓரத்தில் லேஸ், இடுப்பில் பூ, பாக்கெட் மட்டும் கிடையாது. மகன் டவுசரில் இரண்டு. கோலியோ மிட்டாயோ மகள் கையில் எது இருந்தாலும், "அண்ணன்கிட்ட குடு, தொலைச்சிருவ," என்று சொன்னதும் இவளேதான். அவன் பாக்கெட்டுக்குள் போனதெல்லாம் அவனுடையதாயிற்று. மகளுக்குக் கெஞ்சுவதுதான் மிச்சம். பிறவிக் குணமாம், புண்ணாக்காம்!

மொட்டை வந்து கதவைத் திறந்ததும், மகளின் தலையைத் துவட்டிய கையோடு பாவாடையின் பக்கத் தையலைப் பிரித்தாள். டவுசருக்கு வைக்கிற அதே கெட்டித் துணியில் ஆழமாக ஒரு பாக்கெட் வைத்து, மகனிடமிருந்து சாவியை வாங்கி அதில் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் தையல்காரி வரும்போது மொட்டை வாசலில் குதித்துக்கொண்டிருந்தான்.

"என் தங்கம்ல, கதவத் தொற தங்கம்! ஒண்ணுக்கு முட்டுது!"

உள்ளேயிருந்து அந்தப் பழைய கூச்சல். "நேத்து என் கோலிய ஏன் தரல? குடுத்துட்டு உள்ள வா!"

எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி, உன் பையன் பொட்டப்புள்ள கணக்கா கெஞ்சுறான்?"

"சாவி இல்லாதவன் கெஞ்சத்தானேக்கா செய்வான்!"

சிரித்தவள், மகன் கண்ணில் நீர் முட்டுவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். இவனைக் கெஞ்ச வைக்கவா அந்தப் பாக்கெட்? கதவைத் தட்டினாள்.

"தொறடி ராங்கி! நாளைக்கே இன்னொரு சாவி செஞ்சு தர்றேன், ஆளுக்கொண்ணா வச்சுக்குங்க."

உள்ளே சாவி திரும்பியது, கதவு திறந்தது.

"எத்தன சாவி வேணா செய்யும்மா," என்றாள் வாயாடி, வழியை மறித்துக் கையை நீட்டியபடி. "கோலி என்னுது."