சலோமி வேண்டியது யாரை?

கோவில்பத்து சலோமிக்குத் தன் மனம் தனக்குத் தெரியும் என்பதில் அலாதிப் பெருமை. துணிக்கடையில் முதலில் கைபட்ட புடவையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். "எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?" என்பாள். ஊரில் பாதிப் பேருக்கு வாய்க்காத பாக்கியம்.

அவளுக்கு ஒரே குறை, பிள்ளை இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம், செவ்வாய் தவறாமல் தெருமுனைச் சிற்றாலயத்துக்குப் போய், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோணியார் முன் முழங்காலிட்டு அழுதாள். "பையன் பொறந்தா உங்க பேரையே வைக்கிறேன், அந்தோணியாரே." எழுபத்தெட்டாம் வருஷம் பையன் பிறந்தான். தெருவே மிட்டாய் தின்றது.

ஞானஸ்நானத்துக்கு நாலு நாள் இருக்கையில், அந்தோணியார் சுரூபத்துக்கு வர்ணம் அடிக்க வந்த மரியமுத்து பழைய வர்ணத்தைச் சுரண்டினான். சுரண்டச் சுரண்டத் தாடி வந்தது. அந்தோணியாருக்கு ஏது தாடி? பங்குச் சாமியார் வந்து பார்த்துச் சிரித்துவிட்டார். "இவரு இயேசுவை வளர்த்த சூசையப்பர்! அவரு கையிலயும் குழந்தை இருக்கும். எந்தப் புண்ணியவானோ தாடி மேலயும் முகத்துக்கு அடிக்கிற வர்ணத்தையே அடிச்சிருக்கான்." இத்தனை காலமும் ஊர், 'நம்ம அந்தோணியாருக்குத் தாடை கொஞ்சம் பெரிசு' என்று சமாளித்துக்கொண்டிருந்தது.

சலோமிக்குப் பகீரென்றது. பேரை மாற்றி வைத்து நேர்ச்சை தப்பினால் பிள்ளைக்கு ஆகுமா?

"நான் வேண்டிக்கிட்டது அந்தோணியாரைத்தாங்க" என்றாள் புருஷனிடம்.

லூர்துநாதன் சைக்கிள் கடைக்காரன். டியூபில் ஓட்டை தேடுகிற நிதானத்தோடு கேட்டான். "யாரு முகத்தைப் பாத்து அழுத?"

"இவரு முகத்தைத்தான்."

"கண்ணை மூடினா மனசுல எந்த முகம் வந்துச்சு?"

"இதே முகந்தான்."

"அப்ப நீ நெனச்சது சூசையப்பரை."

"நான் யாரை நெனச்சேன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமாக்கும்!"

வாய்தான் அப்படிச் சொன்னது. அன்று குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. மறுநாள் ரவிக்கைத் துணி எடுக்கப் போனவள் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையின் தலைக்கு மேல் தண்ணீரோடு நின்ற சாமியார் கேட்டார். "என்ன பேரு?"

"சூசைநாதன்" என்றாள் சலோமி.

"அப்ப நீ வேண்டினது சூசையப்பரைத்தானாம்மா?"

"அது எனக்கு இன்னும் தெரியலைங்க சாமி." அவள் கண் கலங்கியது. "ஒம்போது வருஷமா சூசையப்பரை அடுத்தவரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கேன். கோவிச்சுக்காம என்னன்னு கேட்டிருக்காரே, இந்த மனுசன்!"