பசை காயும்வரை

மகளின் பள்ளி வேலைக்காக வெள்ளைப் பசை டப்பாவைத் திறந்தேன். அந்த லேசான புளிப்பு வாடையில், நான் சிறுவயதில் வளர்ந்த பண்டமாரான் வீடு நினைவில் வந்து நின்றது.

முதுகுவலியால் அம்மாவால் தரையில் உட்கார முடியாமல் போன வருடம் அது. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, அம்மாவுக்காகக் குழிந்த இருக்கையுடன் ஒரு பெஞ்சு செய்தார். மேலே ஒட்டிய தேக்கு வெனீர் என்ற மரத்தாள் காகிதம்போல் மெல்லியது. குழிவில் ஒட்டாமல் உப்பி உப்பி எழுந்தது. கடைசியில் மிஞ்சியது ஒரே தாள்.

சனிக்கிழமை எங்கள் டிவியில் தமிழ்ப் படம் பார்க்க அக்கம்பக்கத்தார் வந்தார்கள். அப்பா அந்தத் தாளை ஒட்டி, மேலே பழைய மெத்தையைப் போட்டு, அவர்களை நெருக்கி உட்கார வைத்தார்.

“பசை காயணும், படம் முடியற வரைக்கும் யாரும் எந்திரிக்காதீங்க லா.”

பாதியில் கரண்ட் போய்விட்டது. யாரும் அசையவில்லை.

“நாங்க இருக்கோம் அண்ணே, மெழுகுவத்திய மட்டும் ஏத்துங்க,” என்றார் பக்கத்து வீட்டு லெட்சுமி ஆன்டி.

கரண்ட் வந்தபோது படம் முடிந்திருந்தது. வெனீர் குழிவோடு ஒட்டிப் பிடித்திருந்தது.

மறுநாள் அம்மா அதில் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“எல்லாரு மடியிலயும் உக்காந்த மாதிரி இருக்கு,” என்றார்.

இப்போது அந்த பெஞ்சில்தான் மகள் உட்கார்ந்து, ஒட்டிய அட்டையை விடாமல் அழுத்திப் பிடித்திருக்கிறாள்.